தொடக்கம் அருமை, முடிவு சப்பென்று: உங்களைப் பாதி வழியில் விட்ட நாவல் எது?

கொக்குவில் வாசகி எழுதியது:

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒருதரம் ஒரு நாவலை வாசித்துவிட்டு வந்திருந்து கதைப்போம். பெரிய இலக்கியக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். பென்ஷன் எடுத்த ஆக்கள் கொஞ்சம், கம்பஸ் பிள்ளைகள் கொஞ்சம், என்னைப்போல வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப்பார்க்கிற ஒன்றிரண்டு பேர். இந்த மாதம் சுந்தர ராமசாமியின் 'புளியமரத்தின் கதை'. 1966இல் முதலில் வந்த நாவல். வாசிகசாலையில் இருப்பது பிந்திய பதிப்பு ஒன்று. மட்டை எப்போதோ போய், பிறவுண் பேப்பர் உறை போட்டிருக்கிறார்கள்.

எனக்கு முதல் அந்தப் பிரதியை எடுத்தவர்கள் பென்சிலோடு இருந்து வாசித்திருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்தால் ஒருவர் அல்ல, பலர். ஒருவர் அடிக்கோடு போடுகிறவர். இன்னொருவர் ஓரத்தில் 'சரி' அடையாளம் போடுகிறவர், மாஸ்ரராக இருந்திருப்பார். மூன்றாவது ஆள் 'ஹா', 'பொய்!', 'கள்ளக் கிழவன்' என்றெல்லாம் எழுதுகிறவர். தாமோதர ஆசான் என்கிற கிழவர் கதை சொல்கிற பகுதி முழுக்கப் பென்சில்தான். புளிக்குளத்து நாற்றம் வருகிற இடத்தில் மூன்று பேரும் ஒரே பக்கத்தில் இடம் பிடிக்க அடிபடுகிறார்கள். காற்றாடி மரத்தோப்பை வெட்டிச் சாய்க்கிற இடத்தில் அடிக்கோடு தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தம்.

அதற்குள் ஆசான் கதையை விட்டுப் போய்விடுகிறார். கொஞ்சப் பக்கத்தில் 'ஹா' நின்றுவிடுகிறது. பேந்து 'சரி'யையும் காணோம். அடிக்கோட்டுக்காரர் மட்டும் தாமுவும் அப்துல் காதரும் மோதுகிற தேர்தல் வரை இழுத்துப்பறித்து வந்து, அங்கே அவரும் கழன்றுவிடுகிறார். கடைசியில் மரத்தை நஞ்சு வைத்துக் கொல்கிறார்கள். முழு நாவலும் அந்தச் சாவுக்காகத்தான் எழுதப்பட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு அந்த நாவல் பிடிக்காது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பின்பாதியும் நல்ல நையாண்டிதான், பத்திரிகைக்காரன் இசக்கி வருகிற இடமெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். ஆனால் முன்பாதியில் ஒரு கிழவர் எதிரில் இருந்து சொல்ல நாங்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பின்பாதியில் கெட்டிக்கார எழுத்தாளர் ஒருவர் தூர நின்று எல்லாரையும் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "நாவலின் பெயர் ஆசானின் கதையா? புளியமரத்தின் கதைதானே? ஆள் போனால் என்ன, மரம் நிற்குதே" என்றார். மரம் நிற்கிறது, அதற்காகக் கதைத்த வாய் போய்விட்டதே என்று நான் சொல்ல, தேத்தண்ணி ஆறும்வரை இழுபறி.

சரி, கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் உங்களைப் பைத்தியமாக்கி, முடிவில் கைவிட்ட நாவல் எது? சோகமாக முடிந்தது, நாயகன் செத்துப்போனான், அதனால் பிடிக்கவில்லை என்கிற கணக்கு வேண்டாம். அது வேறு. தான் எதைப் பற்றி எழுதத் தொடங்கினோம் என்பதை நாவலே மறந்துபோன கேஸ்கள்தான் வேண்டும். ஏன் அப்படி நடக்கிறது என்றும் சொல்லுங்கள். 'எழுத்தாளர் களைத்துவிட்டார்' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. களைத்தவர் ஏன் கொஞ்சம் ஆறியிருந்து எழுதவில்லை?

பழைய புரூவ்காரன் எழுதியது:

தங்கச்சி, ஏன் என்று கேட்டபடியால் எழுதுகிறேன். விமர்சனம் எனக்கு வராது. எழுபதுகளில் யாழ்ப்பாணம் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூவ் பார்த்தவன், அதாவது அச்சுப்பிழை திருத்தினவன் நான். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த அச்சகத்துக்குள் இருக்கிறது.

ஈய எழுத்துக் காலம் தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோர்க்க வேண்டும். எட்டோ பதினாறோ பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். சின்ன அச்சகத்தில் முழு நாவலையும் கோர்த்து வைத்திருக்க எழுத்துக் காணாது. 'க'வும் 'த'வும் கெதியாக முடிந்துவிடும், அரவு, அதாவது 'கா'வில் வருகிற 'ா', அதற்கும் முதல் முடிந்துவிடும். ஆகவே முதலாம் பாரத்தைக் கோர்த்து, புரூவ் பார்த்து, வேண்டிய பிரதி அவ்வளவும் அடித்த பிறகு, அந்த எழுத்துகளைக் கலைத்துத் திரும்பவும் அறைகளுக்குள் போட்டால்தான் அடுத்த பாரத்தில் கை வைக்கலாம். ஆறாம் பாரம் கோர்க்கிற நேரம் முதலாம் பாரம் அச்சாகி, கட்டுக் கட்டி, மூலையில் அடுக்கியாகிவிடும். எழுத்தாளர் தலைகீழாக நின்றாலும் அதில் ஒரு கமாவை மாற்ற ஏலாது.

இனி, நாவலை முழுக்க எழுதி முடித்துவிட்டு அச்சகத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மிகக் குறைவு. பள்ளிக்கூடம் விட்டபிறகு சைக்கிள் கரியரில் ஒரு கொப்பியைக் கட்டிக்கொண்டு வருகிற ஓர் எழுத்தாளர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய முதல் இரண்டு பாரத்தையும் வாசித்தபோது எனக்குப் பிழை பிடிக்கவே மறந்துபோச்சு. விடியப்புறம் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். துலாவில் ஏறி மிதிக்கிறவனுடைய கால் மட்டும்தான் இருட்டில் தெரிகிறது. கீழே ஒரு சின்னப் பொடியன், தகப்பன் மேலேயிருந்து கத்தக் கத்த, வாய்க்காலைக் காலால் வெட்டித் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிக் கட்டுகிறான். தண்ணீர் முட்டுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பாத்தி நிரம்பிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு தொடக்கம்.

கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. முதலாளி ஒருநாள், "மாஸ்ரர், இனி ஒரு பாரத்துக்குத்தான் கடதாசி கிடக்கு" என்றுவிட்டார். மாஸ்ரரிடமோ இன்னும் மூன்று பாரத்துக்குக் கதை. என் மேசைக்கு எதிரில் இருந்து, பழைய புரூவ் தாள்களின் பின்பக்கத்தில் அவர் நாவலை முடித்தார். இரண்டு கலியாணம், ஒரு காணி வழக்குத் தீர்ப்பு, கிணற்றில் விழுந்து ஒரு சாவு. பொடியனும் தண்ணீரும் எங்கே போனார்கள் என்று கேட்கக்கூடாது. கடைசிப் பந்தியில் கதாநாயகியின் தாய் கண்ணீரோடு மணமக்களுக்கு அறுகரிசி போடுகிறா. எனக்குத் திடுக்கிட்டது. தாயை அவர் மூன்றாம் பாரத்திலேயே சுடலைக்கு அனுப்பியாயிற்று! மூன்றாம் பாரம் மூலையில் கட்டுக் கட்டிக் கிடக்கிறது. என்ன செய்வது? புரூவில் 'தாய்' என்று வந்த இடமெல்லாம் 'சின்னம்மா' என்று திருத்தினோம்.

புத்தகம் வந்த பிறகு ஒரு விமர்சகர், சின்னம்மா பாத்திரம் போதிய அளவு வளர்க்கப்படவில்லை என்று எழுதினார்.

வடமராட்சி ஆங்கிலம் எழுதியது:

அண்ணை, சிரித்து முடியவில்லை. ஆனால் கடதாசியிலும் ஈயத்திலும் மட்டும் பழியைப் போட முடியாது. எல்லா வசதியும் இருந்த ஒருவரைச் சொல்கிறேன்.

மார்க் ட்வைன் 'ஹக்கிள்பெரி ஃபின்'னை 1876இல் தொடங்கினார். நடுவில் தூக்கி வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார், 1883இல்தான் முடித்தார். வாசகி அக்கா கேட்ட 'ஆறியிருந்து எழுதுவது' இதைவிட எப்படி? வீட்டை விட்டு ஓடின ஒரு பொடியனும் அடிமைத்தனத்திலிருந்து தப்பின ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் ஒரு தெப்பத்தில் போகிறார்கள். ஜிம்மைக் காட்டிக்கொடுக்கக் கடிதம் எழுதிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி, சரி, நரகத்துக்கே போகிறேன் என்று ஹக் கிழித்துப் போடுகிற இடம் வரை அதற்கு ஈடில்லை. அதன் பிறகு டாம் சாயர் வருகிறான். அடைபட்டிருக்கிற ஜிம்மை லேசாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் டாமுக்குக் கதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மீட்க வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாகக் கூத்து. கடைசியில் பார்த்தால் ஜிம்மின் எசமானி செத்துப்போகும்போதே அவனை விடுதலை செய்துவிட்டாளாம், டாமுக்கு அது முதலே தெரியுமாம்!

ஹெமிங்வே 1935இல் எழுதிய ஒரு புத்தகத்தில், ஜிம் களவுபோகிற இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுங்கள், மிச்சம் ஏமாற்று என்கிற மாதிரிச் சொல்கிறார். அதே வாயால், நவீன அமெரிக்க இலக்கியம் முழுக்க அந்தப் புத்தகத்திலிருந்துதான் வருகிறது என்கிறார். இரண்டும் ஒரே இடத்தில்.

ஏன் அப்படி ஆச்சுது என்று நான் நினைப்பது: அந்த நாவலின் கேள்வி, ஹக் ஜிம்மை விட்டுக்கொடுப்பானா மாட்டானா என்பது. கடிதத்தைக் கிழித்ததோடு அதற்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் ஜிம் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. கதை முடிந்தது, சம்பவம் முடியவில்லை. மிச்சச் சம்பவத்தை இழுத்துக் கரை சேர்க்க எழுத்தாளருக்கு ஏதாவது வேடிக்கை தேவைப்படுகிறது.

ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1927இல் நாவல் கலை பற்றிய விரிவுரைகளில் இதையே வேறு விதமாகச் சொன்னார். ஏறத்தாழ எல்லா நாவலும் கடைசியில் நொய்ந்துதான் போகிறது, கதைப்பின்னலைச் சுருட்டிக் கட்ட வேண்டியிருப்பதுதான் காரணம் என்பது அவர் கட்சி. சாவும் கலியாணமும் இல்லாவிட்டால் சராசரி நாவலாசிரியர் எப்படித்தான் முடிப்பாரோ என்றும் ஒரு குத்து. புரூவ்கார அண்ணையின் மாஸ்ரர் இரண்டையும் ஒரே பாரத்தில் செய்திருக்கிறார், கூடவே ஒரு காணி வழக்கு. காணி வழக்கு ஃபோர்ஸ்டருக்குத் தெரியாத யாழ்ப்பாணச் சரக்கு.

கம்பஸ் பிள்ளை எழுதியது:

அக்கா, நான் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தனான். அங்கே வாய் திறக்கவில்லை, இங்கே திறக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் முடிவைக் குற்றம் சொல்கிறீர்கள். எனக்கு வாசகரிலும் கொஞ்சம் சந்தேகம். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எடுங்கள். முதலில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை. மழையில் காரில் ஏறின பெண் கெட்டுப்போய் வீடு வருகிறாள், தாய் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அதற்கே அந்தக் காலத்தில் பெரிய சத்தம். சரி, தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதினதுதான் நாவல். அதாவது ஒரு முடிவை மாற்றிப் போட்டதால் பிறந்த நாவல்! அதுவும் கங்கா அந்தச் சிறுகதையையே பத்திரிகையில் வாசிக்கிறாள் என்று தொடங்குகிறது. எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நெஞ்சழுத்தமான தொடக்கம் இல்லை.

கடைசியில் படித்த, உத்தியோகம் பார்க்கிற கங்கா குடிக்கப் பழகி நிற்கிறாள். என் அம்மம்மாவுக்கு இன்றைக்கும் அது பொறுக்காது. "அவ்வளவு கெட்டிக்காரியை ஏன் இப்படிச் சீரழிச்சவர்?" என்பா. வாசகி அக்காவின் கணக்கில் இது வழி தவறின நாவல்தானே? ஆனால் கங்காவை நல்லபடியாக ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து முடித்திருந்தால்தான் அது ஏமாற்று என்று நான் சொல்லுவேன். பிறகு அவரே 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவல் எழுதினார். அதை ஏன் எழுதினார், அதுதான் என் மனத்தாங்கல். குடித்துக்கொண்டு நின்றவளை அப்படியே நிற்க விட்டிருக்கலாம்.

கொக்குவில் வாசகி எழுதியது:

பின்வரிசைப் பிள்ளை, அடுத்த மாதம் முன்வரிசைக்கு வாரும். கங்கா விஷயத்தில் உம்முடைய பக்கம்தான் நான். அந்த முடிவு கசக்கிறது, ஆனால் நாவல் தன் கேள்வியை மறக்கவில்லை. ஊர் ஒரு பெண்ணைப் பற்றி முதலே முடிவு கட்டிவிட்டால் அவள் என்ன ஆவாள் என்பதுதான் முதல் பக்கத்திலிருந்தே கேள்வி. 'புளியமரம்' மறந்தது கேள்வியை அல்ல, குரலை. அதனால்தான் எனக்கு அது வேறு விதமான குறை.

புரூவ்கார அண்ணை சொன்ன 'முதலாம் பாரம் மூலையில் கட்டுக் கட்டிக் கிடக்கிறது' என்பது ராத்திரி முழுக்க மண்டைக்குள் நின்றது. தொடர்கதையும் அதேதானே! 'பொன்னியின் செல்வன்' 1950 ஒக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் கிழமைக்குக் கிழமை வந்தது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அத்தியாயம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆசிரியர் நினைத்தாலும் அந்தக் குதிரையைத் திருப்ப முடியாது. அம்மாவிடம் ஓவியர் மணியத்தின் படங்களோடு கிழித்துச் சேர்த்துக் கட்டின தொகுதிகள் இருந்தன. முதல் இரண்டும் பிடித்துப் பிடித்து முதுகு பிய்ந்துபோய், ஐந்தாவது மட்டும் புதுசு மாதிரி. ஆதித்த கரிகாலனைக் குத்தியது யாருடைய கை என்று கடைசிவரை பட்டென்று சொல்ல மாட்டார். 'மலர் உதிர்ந்தது' என்று மணிமேகலையை அனுப்பிவிட்டுக் கதையை முடித்துவிடுவார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்க, அதற்கென்று ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. அப்போது நாங்கள் ஒருவரும் பிறக்கவே இல்லை, இதே சண்டை நடந்திருக்கிறது பாருங்கள்.

இப்படி யோசித்துக்கொண்டு போனபோது எங்கள் பக்கத்து நாவல்களில் வழி தவறாதவை எவை என்று பார்த்தேன். எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு'. கொழும்பில் வேலை பார்க்கிற கிளாக்கர் ஒருவர் லீவில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகிறார், பெண்சாதியோடு ஒரு பொழுது தனியாக இருக்க வழியில்லாமல் தவிக்கிறார், திரும்பிப் போகிறார். லீவு முடிந்தால் ரயிலைப் பிடிக்க வேண்டும், நாவலும் முடிய வேண்டும். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) அப்படித்தான். வாடை தொடங்க நெடுந்தீவுக்கு வந்து வாடி (கரையோரக் குடில்) போட்டு மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் பருவத்தோடு பெயர வேண்டியவர்கள். எழுத்தாளர் இழுக்க நினைத்தாலும் காற்று விடாது. வடமராட்சி சேர் சொன்ன சுருட்டிக் கட்டுகிற வேலை அங்கே இல்லை. எப்போது முடியும் என்பதை நாவலுக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்று முதலே சொல்லிவிடுகிறது. அது ரயிலோ காற்றோ எதுவாகவும் இருக்கட்டும். திகதி குறித்துக்கொண்டு தொடங்குகிற நாவல் தடுமாறாது என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் 'சடங்கு' வாசிப்போமா?

வடமராட்சி ஆங்கிலம் எழுதியது:

'சடங்கு'க்கு நான் ரெடி. ஆனால் உங்கள் சூத்திரம் டிக்கன்ஸுக்குப் பொருந்தவில்லை. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் அவர் முதலில் எழுதின முடிவு சின்னது. பிப்பும் எஸ்டெல்லாவும் வருஷக்கணக்கின் பின் லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்தித்து, ரெண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் பிரிகிறார்கள். புல்வர் லிட்டன் என்கிற சிநேகித எழுத்தாளர் புரூவில் வாசித்துவிட்டு மாற்றச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள்போல ஒரு முடிவோடு 1861இல் வந்தது. ஒழுங்காக வந்து நின்ற நாவலைச் சிநேகிதன் தள்ளிவிட்ட கேஸ் அது. இதற்கு ரயிலும் இல்லை, காற்றும் இல்லை. பழைய முடிவு அவர் செத்த பிறகு வந்த வாழ்க்கை வரலாற்றில் வெளியானபடியால்தான் எங்களுக்குத் தெரியும். அதை எழுதினவரும் ஒரு ஃபோர்ஸ்டர்தான். முதல் சொன்னவர் அல்ல, குழம்ப வேண்டாம்.

பழைய புரூவ்காரன் எழுதியது:

டிக்கன்ஸ் கிடக்கட்டும். திகதி குறித்த நாவல் தடுமாறாது என்ற கதையை நான் நம்ப மாட்டேன் தங்கச்சி. ஒருவர் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவை வைத்தே ஒரு நாவல் கொண்டுவந்தார். கொடியேற்றத்தில் தொடங்கும், தீர்த்தத்தில் முடியும், இருபத்தைந்து நாள், ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம். உங்கள் சூத்திரப்படி இதைவிடத் திட்டமான கணக்கு இல்லை. கொடியேற்றத்தன்று அங்கப்பிரதட்டணம் செய்கிறவர்களின் முதுகில் ஒட்டுகிற மணலின் சூட்டிலிருந்து, செருப்பைத் துலைத்துவிட்டு வெறுங்காலோடு வீடு போகிற பெட்டை வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். பத்தாம் நாள் மஞ்சம் வரை ஒரு குறையும் சொல்ல ஏலாது. அடுத்த தாளைப் புரட்டினால் இருபத்துமூன்றாம் நாள், சப்பரம்!

நடுவில் பன்னிரண்டு நாள் எங்கே ஐயா என்று கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் அசையவில்லை. "சனமும் மஞ்சத்துக்கு வந்திட்டு, பேந்து சப்பரத்துக்கும் தேருக்கும்தானே தம்பி வருகுது" என்றார்.